அப்பாவின் பி.ஏ.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால் இன்ஜினீயரிங் சேர்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். என்ன வெகுளித்தனம்! கணக்கு, இயற்பியல், வேதியியலைக் கூட்டிப் போடும் கட்-ஆஃப் எனக்குத் தாராளமாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் சான்றிதழ்கள் வரிசைகட்டி நின்றன. சாதிக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாக முதல் பட்டதாரிச் சான்றிதழ். எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்தால் கட்டணத்தில் சலுகை. இல்லையென்றால், அப்பாவின் சம்பளத்துக்கு எனக்கு இன்ஜினீயரிங் வெறும் கனவுதான்.

சிக்கல் என்னவென்றால், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் என் அப்பாவுக்குக் கிளியூர் முழுக்கப் பெயரே ‘பி.ஏ. ரைட்டர்’. கல்யாணப் பத்திரிகையில் பி.ஏ. என்று போட்டார்கள், அப்படியே வாசல் பலகையிலும் ஏறிக்கொண்டது. அவர் கல்லூரிக்குப் போனது உண்மை. ஆங்கிலத் தாள் மட்டும் கடைசிவரை தேறவில்லை. அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம்.

வி.ஏ.ஓ. விசாரிக்க வந்து, நேரே டீக்கடையில் கேட்டிருக்கிறார்.

“ஏனுங்க, அவரு பி.ஏ. ஆச்சுங்களே! நொம்பப் படிச்ச மனுசனுங்க” என்று கடைக்காரர் பெருமை பொங்கச் சொல்லிவிட்டார். என் மனு அங்கேயே படுத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பேன்.

மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனார்.

“நான் பாஸ் ஆகலைங்க. இங்கிலீசுல போயிருச்சு” என்றார்.

“சும்மா இருங்க ரைட்டரே. புள்ளைக்காவ இப்புடியெல்லாம் பொய் சொல்லோணுமா?” என்று சிரித்தார்கள். இத்தனை வருடப் பொய்யை நம்பியவர்கள் ஒரே ஒரு உண்மையை நம்பமாட்டேன் என்றார்கள்.

வேறு வழியில்லாமல் பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். அவர் அதைப் பார்த்துவிட்டு, “பட்டதாரி இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க” என்று ஒரு தாளை நீட்டினார். அப்பா முத்து முத்தாக எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

வி.ஏ.ஓ. தாளை மெதுவாகத் திருப்பி வைத்தார். “ஏனுங்க, பேருக்குப் பின்னால மறுபடியும் பி.ஏ. போட்டுட்டீங்களே.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் வேறு தாள் கேட்டு வாங்கினார். பெயரை எழுதி முடித்த பிறகும் பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பாவமாக இருந்தது.

சான்றிதழ் வந்தது, கவுன்சிலிங்கில் இடமும் கிடைத்தது. சேலம் பஸ் ஏறக் கிளம்பிய காலையில் பார்த்தேன்: வாசல் பலகையில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ.வை மறைத்துப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தபடியே சொன்னார்:

“சுருக்கா முடிச்சுட்டு வா கண்ணு. இப்ப நம்ம ஊட்டுல படிச்சவங்கன்னு யாருமே இல்ல.”