அடுப்பு இடம் மாறிய வீடு

நான் கட்டடக்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது கொரோனா வந்தது. கல்லூரி மூடி, வகுப்பெல்லாம் அம்பத்தூரில் எங்கள் வீட்டு லேப்டாப்புக்குள் வந்துவிட்டது. 'தொற்றுக் காலத்துக்கு ஒரு வீடு' என்று தலைப்பு கொடுத்தார்கள். நானும் நோயாளிக்குத் தனி அறை, தனி பால்கனி, தனி பாத்ரூம் என்று அரண்மனை மாதிரி வரைந்துகொண்டிருந்தேன். வரைவதற்கு என்ன, காசா பணமா!

அந்த வாரமே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பாசிட்டிவ். ஆஸ்பத்திரியில் இடமில்லை, வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா நிறைமாதம்.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி. முன்னால் ஹால், நடுவில் பாத்ரூமோடு அக்கா படுத்திருந்த அறை, கடைசியில் சமையலறை. அதன் பின்கதவைத் திறந்தால் ஒரு பழைய கழிப்பறை. அப்பாவை ஹாலில் படுக்க வைக்கலாம் என்றாள் அம்மா. ஹாலில் படுத்தால் அவர் ஒவ்வொரு தடவையும் அக்காவைத் தாண்டித்தான் பாத்ரூம் போக வேண்டும்.

"அப்பா சமையல்ரூம்ல இருக்கட்டும். அடுப்பை ஹாலுக்குக் கொண்டாந்துடலாம்" என்றேன்.

"இன்னாடி பேசறே? சாமி படம் கீற எடத்துல சீக்காளியப் படுக்க வெப்பாங்களா? படிச்சி படிச்சி மூள கெட்டுப்பூட்ச்சா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாமியையும் ஹாலுக்குக் கூட்டிக்கினு வா! அக்காவுக்கு ஏதாவது ஆச்சின்னா யார்கிட்ட போய் அழுவே?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அப்பா சமையலறைக்குள் போனதும் உள்கதவை அடைத்தோம். சாப்பாட்டைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுபோய்ப் பின்ஜன்னலில் வைத்தோம். நான் அரண்மனையை அழித்துவிட்டு எங்கள் வீட்டையே வரைந்து அனுப்பினேன்.

அடுத்து ஜூரி. ஆசிரியர்கள் முன் வரைபடத்தை வைத்து வாங்கிக் கட்டிக்கொள்கிற நாள். அதுவும் திரையில்தான். ஓர் ஆசிரியர் சிரித்துவிட்டார். "சமையலறையில நோயாளியா? எந்த வீட்டு அம்மா ஒத்துக்குவாங்க?"

நான் வாய் திறக்குமுன், பின்னால் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வந்து கேமரா முன் நின்றாள்.

"நான்தான் சார் ஒத்துக்கினேன். அவரு தேறிக்கினு வர்றாரு. ரெண்டு உசுரா கீற எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவல. பாத்து மார்க்கு போடுங்க."

அக்காவுக்குப் பையன் பிறந்தபோது அப்பாதான் முதலில் கையில் வாங்கினார்.

இப்போது ஜூரியில் நானே ஆசிரியராக எதிர்ப்பக்கம் உட்காருகிறேன். யார் வீடு வரைந்து வந்தாலும், உடம்புக்கு முடியாதவர் எந்த வழியாகக் கழிப்பறைக்குப் போவார் என்று கேட்பேன். சரியாகச் சொல்லிவிட்டால் இன்னொன்றும் கேட்பேன்: "உங்கம்மாகிட்ட காட்டினியா?"