கோர்ட்டு வாசலில் அப்பாவின் ஷூ

எங்கள் நியூஜெர்சி ஊர் கோர்ட்டில் மறைந்த நீதிபதியின் படத்திறப்பு. தரை துடைத்த எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் ஏழு வயதாகிவிட்டது.

அன்று, ஸ்டாப் போர்டில் நிற்காமல் காரை ஓட்டியதற்காக அப்பாவை இதே கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஜெயில்தான் என்று நான் நினைத்தேன். அப்பாவோ கோயிலுக்குள் நுழைவதுபோல் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, சாக்ஸோடு போய் நின்றார்.

"ஷூ எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் நீதிபதி.

பயத்தில் அப்பாவுக்கு இங்கிலீஷே வரவில்லை. "மரியாதைக்கு வெளியே விட்டேன்னு சொல்லும்மா" என்றார் என்னிடம். இங்கிலீஷில் சொன்னேன்.

"தரை ஜில்லுனு இருக்கும். போட்டுட்டு வரச் சொல்லு, நான் காத்திருக்கேன்" என்றார் நீதிபதி.

கோர்ட்டே காத்திருந்தது. பிறகு எச்சரித்து அனுப்பிவிட்டார்.

இன்று அந்தப் படத்தின் முன் அப்பா குனிந்து ஷூவைக் கழற்றினார்.

"தரை ஜில்லுனு இருக்குப்பா."

"இருக்கட்டும்மா," அப்பா சிரித்தார். "போட்டுக்கோன்னு சொல்ல இன்னைக்கு அவர் இல்லையே."