பின்னறைக்கு வந்த வைஃபை

பக்கவாதம் வந்தபிறகு என் கணவருக்குப் பேச்சு வரவில்லை. வலது கையும் இயங்காமல் போனது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டிலைத் தட்டுவார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். போனின் சின்ன எழுத்துகள் அவருக்குப் பிடிபடவில்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டரின் கீபோர்ட் என்றால் இடது கையாலேயே தட்டுவார். ஆனால் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் அவர் படுத்திருந்தது பின்னறையில்; கம்ப்யூட்டரோ முன்ஹாலில், ரவுட்டரின் வயரோடு கிடந்தது.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் விசாரித்தேன்.

"இந்தப் பழைய மெஷினுக்கு வைஃபை வருமா?"

"உள்ளுக்கு இல்லை அக்கா. இதைச் செருகினா வரும்" என்று கடைக்காரர் விரல்நுனி அளவில் ஒரு யூஎஸ்பி அடாப்டரைத் தந்தார்.

கம்ப்யூட்டரைக் கட்டிலருகே கொண்டுவந்து, அதன் பின்பக்கத்தில் செருகினேன். இரும்பு அலுமாரி மறித்ததால் சிக்னல் வரவில்லை. கடைக்குப் போன் எடுத்தேன். நீட்டு வயர் ஒன்று போட்டு அடாப்டரை உயரத்தில் வைக்கச் சொன்னார். அலுமாரிக்கு மேலே வைத்ததும் பிடித்துக்கொண்டது.

பிறகு நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது என் போன் கிணுங்கியது. அவர்தான் எழுதியிருந்தார்.

"இஞ்ச வாரும். சும்மாதான்."

எத்தனையோ மாதங்களாக அவரிடமிருந்து எனக்கு ஒரு சொல் வந்ததில்லை. அப்படியே ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தேன். கண்ணீர் நிற்கவில்லை. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"முதல்ல கையைக் கழுவும்."