திரையின் மேல் மூலையில் ஒரு கை

திருப்பதியில் எங்கள் வீட்டுப் பின் அறையில் ஒரு மேடை இருக்கிறது. நேரில் வந்து பார்த்தால் தெரியாது. ஒரு நாற்காலி, இரண்டு விளக்குகள், லேப்டாப், பீரோ கதவில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது பெரிய மண்டபம். பளபளப்பான தரை, நீல விளக்குகள், பின்னால் கம்பெனியின் பெயர் சுழன்றுகொண்டிருக்கும். நடுவில் என் மகள் உட்கார்ந்து பேசுவாள். பக்கத்தில் ஒரு விருந்தினர் இருப்பார். அவர் ஹைதராபாத்தில் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரையும் வெட்டி ஒரே மேசையில் உட்காரவைக்கிறவர் பெங்களூரில் இருப்பார். விருந்தினரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது போல என் மகள் பீரோவைப் பார்த்துச் சிரிப்பாள். எந்த இடத்தைப் பார்ப்பது என்பதற்குத்தான் அந்தப் பொட்டு.

இந்த வேலைக்குப் பெயர் என்னவென்று பக்கத்து வீட்டில் கேட்டால் இப்போதும் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. நான் தனியார் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். தாராளமயம் பற்றிய பாடத்தை வருஷா வருஷம் தெலுங்கில் நடத்துகிறேன். அந்தப் பாடம் என் வீட்டுக்குள் நடந்ததைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நாகலாபுரம் பக்கத்திலிருந்து பிள்ளையின் இங்கிலீஷ் படிப்புக்காக இங்கே வந்தோம். அந்தப் படிப்புக்குப் பணம் கட்ட என் கணவர் குவைத்துக்குப் போனார். படித்து முடித்ததும் அவள் பெங்களூருக்குப் போனாள். ஆளுக்கொரு ஊர் ஆனது.

பெங்களூர் வேலை ஒரு சாயங்காலம் போய்விட்டது. அப்போது ஆபீஸை மூடி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். அவளும் இங்கே வந்திருந்தாள். திரையில் முகங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. யாரோ ஒருவர் இங்கிலீஷில் அமைதியாகப் பேசினார். அவர் பேசி முடித்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவோரம் நின்றிருந்த எனக்கு என்ன நடந்தது என்று புரியவே சிறிது நேரம் ஆனது. அதற்குப் பிறகு சில மாதங்கள் என் மகள் அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. பேசினால் ஒரு வார்த்தை பதில் சொல்வாள். பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது மாடிப்படியில் எனக்குக் கால் தயங்கும். கதவைத் தட்டி, உள்ளிருந்து சத்தம் வந்த பிறகுதான் மூச்சு விடுவேன்.

அப்படி இருந்தவளுக்குத்தான் கூடப் படித்த ஒருத்தி மூலம் இந்த வாய்ப்பு வந்தது. சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனி ஒன்று, தன் வியாபாரிகளுக்காக ஆன்லைனில் நேரடி நிகழ்ச்சி நடத்தியது. ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் பார்ப்பார்கள். தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேச ஆள் வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே மூச்சில் வரும். ஒரே ஒரு நிபந்தனை. பெங்களூர் தயாரிப்பாளர் அதை ஒத்திகைக்கு ஒத்திகை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மேடம், எந்த ஊர்னே தெரியாத தமிழ் வேணும். போய்க்கினு, வந்துக்கினு எல்லாம் வரக்கூடாது. ஒரு 'கினு' வந்தாலும் கிளையன்ட் என்னைத்தான் கேப்பாங்க."

"வராது சார்," என்பாள் அவள், செய்தி வாசிக்கிற குரலில். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாள். "பேசாம வாயை மூடிக்கினு இருந்தா கினு வராது இல்லம்மா?"

அவள் வேடிக்கையாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயம். இந்த ஒரு நிகழ்ச்சி நன்றாக நடந்தால் மாதாமாதம் வாய்ப்பு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கெட்டுப்போனால் அவள் மறுபடி போய்ப் படுத்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை எழுந்திருப்பாளா என்பதற்கு யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை.

இந்த மேடைக்கு முக்கியமானது முதுகுக்குப் பின்னால் தொங்கும் பச்சைத் துணி. கம்ப்யூட்டர் அந்தப் பச்சையை அழித்துவிட்டு அங்கே மண்டபத்தை வைக்கிறது. கம்பெனி அனுப்பிய துணி சித்தூர் வரை வந்து கூரியர் கிடங்கில் நின்றுவிட்டது. நிகழ்ச்சி அன்று காலையில் போன் செய்தால், "ரேப்பு வஸ்துந்தி மேடம்" என்றார்கள். நாளைக்கு வந்தால் என்ன, நாளன்றைக்கு வந்தால் என்ன?

நான் பீரோவைத் திறந்தேன். பச்சைச் சேலை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா? கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை என்று கட்டிலில் எடுத்துப் போட்டேன். அவள் ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். கிளிப்பச்சைதான் சுத்தமாக மறைந்தது. ஆனால் அதன் ஜரிகைக் கரை மறையவில்லை. மண்டபத்தின் நடுவே, அந்தரத்தில், தங்கக் கோடாக மாங்காய் டிசைன் தொங்கியது.

"உங்க கல்யாண மண்டபம் கணக்கா கீதும்மா," என்றாள்.

"வாயைப் பாரு. கரையை உள்ள மடிச்சி ஊக்கு குத்துடி."

ஒரு சேலையின் அகலம் போதாது. அதே நிறத்தில் இன்னொன்று இருந்தது, நாத்தனார் எடுத்துத் தந்தது. இரண்டையும் சேர்த்து ஊக்குக் குத்தி, திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டோம். காற்றில் சேலை ஆடினால் மண்டபத்துச் சுவரே ஆடும் என்பதால் ஃபேனை நிறுத்தினோம். ஜன்னலையும் சாத்தினோம். நான் கேமராவில் படாத ஓரத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டேன். கையில் தண்ணீர்ச் சொம்பு. என் போனில் அதே நிகழ்ச்சி, சத்தமில்லாமல்.

அவள் காதுக்குள் பெங்களூர் குரல் எண்ண, நிகழ்ச்சி தொடங்கியது. அவள் முகத்தை உலகம் பார்த்தது. நான் பார்த்தது பக்கவாட்டில் தெரிந்த முதுகையும், ரவிக்கை நனைவதையும், மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்த பாதத்தையும். மேலே அத்தனை அழகாகப் பேச்சு வருகிறது, கீழே கால் நிற்காமல் ஆடுகிறது. அந்தக் காலை எட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பாதி நிகழ்ச்சியில், விருந்தினர் குழாய் அடைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே சுண்ணாம்பு உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கம்பியைத் தாங்கிய திருகாணி சுவரிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு சேலையின் கனம். விழுந்தால் மண்டபம் போய், எங்கள் கட்டிலும் மூட்டை கட்டிய பழைய துணிகளும் இரண்டு மாநிலத்துக்கும் தெரியும்.

யோசிக்க நேரமில்லை. முக்காலியில் ஏறி, கம்பியின் முனையைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு ஓரத்தில்தான் இருந்தது. கையும் கேமராவுக்குள் வராது என்று நினைத்தேன்.

வந்திருந்தது. தரையில் கிடந்த என் போனில் பார்த்தேன். நீல விளக்குகளுக்கு மேலே, மண்டபத்தின் கூரை மூலையில், சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை தனியாக முளைத்திருந்தது. விட்டால் எல்லாம் விழும். பிடித்தால் கை தெரியும். பிடித்துக்கொண்டே நின்றேன்.

பார்வையாளர்கள் எழுதுவது திரையின் ஓரத்தில் ஓடும். கேள்விகளை வாசிப்பது அவள் பொறுப்பு. ஒருவர் எழுதினார்: "மேலே ஒரு கை தெரியுதே, அது யாருது?" இன்னொருவர் தெலுங்கில் பேயா என்று கேட்டார். அதற்கும் கீழே, குவைத்திலிருந்து என் கணவர். மகளின் முதல் நிகழ்ச்சி என்று ஷிப்டு மாற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"அது என் பொண்டாட்டி கை."

அவள் அதைப் படித்தாள். கால் ஆடுவது நின்றது. காதில் பெங்களூர்க்காரர் ஏதோ கத்தியிருக்க வேண்டும், அவள் தோள் குலுங்கியது. ஆயிற்று, போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது எங்கம்மா கைங்க," என்றாள் அவள். செய்தி வாசிக்கிற குரல் இல்லை. "கம்பி புட்டுக்கிச்சி. இந்த மேடை மொத்தத்தையும் அவங்கதான் புடிச்சிக்கினு கீறாங்க. எழுதினது எங்க நைனா. இருங்க, அம்மாவுக்குக் கை வலிக்கிறதுக்குள்ள அடுத்த கேள்வியைக் கேட்டுடறேன்." பிறகு அதையே தெலுங்கிலும் சொன்னாள்.

ஹைதராபாத் விருந்தினர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தண்ணீர் குடித்தார். திரையின் ஓரத்தில் கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன. சத்தியவேட்டுப் பக்கத்து வியாபாரி ஒருவர், "நம்ம ஊர்ப் பொண்ணு போல கீதே" என்று எழுதி, தன் கடையில் குழாய் வாங்கியவர்களின் குறைகளையெல்லாம் சொல்லி விளக்கம் கேட்கத் தொடங்கிவிட்டார். அவள் அவருக்கு அவர் பேச்சிலேயே பதில் சொன்னாள்.

முடிந்ததும் தயாரிப்பாளர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், எத்தனை கினு வந்துதுன்னு எண்ணவே இல்ல. விட்டுட்டேன். கிளையன்ட் அடுத்த மாசமும் உங்களைத்தான் கேக்கறாங்க. கம்பியை மட்டும் ஒரு கார்பென்டரை வெச்சு..."

"வெச்சிடறேன் சார்."

போனை வைத்தாள். நான் முக்காலியிலிருந்து இறங்க, அவள் கை கொடுத்தாள். கம்பியை ஜன்னலில் சாய்த்துக் கயிற்றால் கட்டினாள். பிறகு என்னை அவள் நாற்காலியில் உட்காரவைத்தாள். திரையில் அந்த மண்டபத்துக்கு நடுவில் நான், வேர்த்து வழிந்து, தலை கலைந்து.

"இப்ப யாரு பாக்கறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லம்மா. லைவ் முடிஞ்சிபோச்சி. இன்னா வேணா பேசு."

திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் பக்கம் திரும்பியிருந்தால் வந்திருக்காது. "நீ இந்த ரூம்ல படுத்துக்கினு இருந்தப்போ எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு."

திரையில் என் பக்கத்தில் அவள் வந்து குனிந்தாள்.

"எனக்கும்தாம்மா. உனக்குக் கேக்கக் கூடாதுன்னு பாத்ரூம் குழாயைத் திறந்து வுட்டுக்கினு அழுவேன்."

"கேட்டுச்சு," என்றேன்.