நடத்தாத பாடத்திலிருந்து நாற்பது மதிப்பெண்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினேன். தாளாளர் கம்ப்யூட்டர் வாங்கி, கேள்வித்தாளைத் தானாகவே எடுத்துத் தரும் மென்பொருளும் போட்டார். கேள்விகளை ஏற்றும் வேலை எனக்கு. கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பாட எண், மதிப்பெண், விடை எல்லாம் பிழையின்றித் தட்டச்சு செய்தேன். அரையாண்டுக்கு ஒன்று முதல் எட்டுப் பாடங்கள் என்றும் பதிந்தேன்.

ஒன்றை மட்டும் பதியவில்லை. தீபாவளிக்கு முன் தறி ஓயாது. பாதி வகுப்பு வீட்டில் தறிக்கு ஊடை நூலைத் தார் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் அந்த எட்டில், அந்த வாரங்களுக்குரிய ஒளி, மின்சாரம் இரண்டையும் அரையாண்டு முடிந்து பொங்கலுக்குப் பிறகுதான் நடத்துவேன். கையால் கேள்வித்தாள் எழுதிய காலத்தில், யோசிக்காமலே அவற்றை விட்டுவிடுவேன்.

தாளாளர் கேள்வித்தாளை அச்சிட்டு ஒட்டிய உறையைத் தேர்வறையில்தான் பிரித்தேன். அந்த இரண்டு பாடங்களிலிருந்து மட்டும் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்.

முள்ளிப்பட்டிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "சார், இத நீங்க நடத்தவே இல்லீங்களே?"

பின்னாலிருந்து ஒருவன், "கம்ப்யூட்டரு நடத்திச்சோ இன்னாவோ, நாமதான் லீவு!" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

தாளாளர் அறைக்கு ஓடினேன். அரையாண்டில் தேறாதவர்களை அவர் பள்ளி வழியாகப் பொதுத்தேர்வுக்கு அனுப்பமாட்டார். தனித்தேர்வராக எழுதலாம். அப்படிப் போன எந்தப் பெண்ணும் மறுபடி புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"தப்பு என்னுதுங்க. வேற தாள் குடுத்துடலாங்க."

"அவ்ளோ துட்டு போட்டு மெஷின வாங்கி வெச்சிகினு, மறுபடி கையால எழுதணுமா? பேஜார் பண்ணாதீங்க சார். பொதுத்தேர்வுல உங்கள கேட்டா கேள்வி வரும்?"

"நடத்தாதது எப்படிங்க எழுதுவாங்க?"

"அத ஏத்தும்போது யோசிச்சிருக்கணும்."

திருத்தும்போது ஒன்பது பேர் முப்பத்தைந்தைத் தொடவில்லை. எழுந்து கேட்ட முள்ளிப்பட்டுப் பெண்ணுக்கு இருபத்தெட்டு. நடத்தாத கேள்விகளின் எண்ணை மட்டும் எழுதி, கீழே வெற்றிடம் விட்டிருந்தாள். என் வாழ்நாளில் முதன்முறையாக வெற்றிடத்துக்கு மதிப்பெண் போட்டேன். ஒன்பது பேருக்கும் போட்டேன்.

தாளாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பச்சை மையால் என் மதிப்பெண்களை அடித்து, கூட்டுத்தொகையைத் திருத்தினார். நான் எதிரில் நின்றேன். ஏழாவது தாள் அவளுடையது.

"அவளையாவது விட்டுடுங்க" என்றேன்.

"அப்ப மத்த எட்டுப் பேரு?" என்றார்.

இருபத்தெட்டு என்று எழுதி, எட்டாவது தாளை எடுத்தார்.