விரலை முகர்ந்த கடுவன்

ஓசூரில் கம்பெனி வேலை நின்றுபோனதும் கிருஷ்ணகிரிக்கு வந்து, ஒரு மாங்கூழ் ஆலையில் குரங்கு விரட்டும் வேலையில் சேர்ந்தேன். பழக்குவியல் மேல் வைத்த புலி பொம்மையும் என் கம்பும் போதும், குரங்குகள் ஓடிவிடும். அன்று பெரிய ஆண் குரங்கு, அந்தக் கடுவன் மட்டும் ஓடவில்லை. ஒரு மந்தியின் பின்புறத்தை விரலால் தொட்டு முகர்ந்தது. பிறகு பழத்தைத் திரும்பியும் பார்க்காமல் மந்தியின் பின்னாலேயே அலைந்தது.

ஆலைக்காரர்கள் கூப்பிட்டுக் குரங்கு பிடிக்க வந்தவர் சிரித்தார். "மந்தி பருவத்துல இருக்குது தம்பி. வாசம் புடிச்சிட்டான், இனி அடிச்சாலும் போவ மாட்டான்."

அவரிடம் இருந்தது ஒரே கூண்டு. கடுவனுக்காக வைத்த அந்தக் கூண்டில் மந்தி சிக்கிக்கொண்டது. கடுவன் கம்பிக்குள் கையை விட்டபடி வெளியே உட்கார்ந்தது. அடித்தேன், நகரவில்லை.

மந்தியைக் காட்டில் விட வண்டி கிளம்பியது. நானும் அவரும் கூண்டோடு பின்னால் இருந்தோம். கடுவன் துரத்தி வந்தது.

"அண்ணா, திறந்து விட்டுடலாம். ரோட்டுல அடிபட்டுரும்."

"விட்டா நாளைக்கு ரெண்டும் உன் மாம்பழத்து மேலதான் உக்காந்திருக்கும். வேலை வேணாமா உனக்கு?"

வேலை வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டி வேகமெடுத்தது. கடுவன் நடுத்திட்டு வரைதான் வந்தது. இரண்டு பக்கமும் லாரிகள் போக, அங்கேயே உட்கார்ந்து தன் விரலை முகர்ந்துகொண்டிருந்தது.