அத்தான் வலமாகத்தான் சுற்றுவார்

பத்மநாதன் அத்தான் எதைச் சுற்றினாலும் வலமாகத்தான் சுற்றுவார். முப்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். கோயிலில் எல்லோரும் அப்படித்தான் சுற்றுகிறோம், அதில் புதுமை இல்லை. அத்தான் கடையிலும் அப்படித்தான். நடுவில் உள்ள தட்டுகள் தன் வலக்கைப் பக்கம் இருக்கும்படியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பால் எடுக்க மறந்துவிட்டால் திரும்பி நடக்க மாட்டார். இன்னொரு முழுச்சுற்று வந்துதான் எடுப்பார்.

நோர்வேயில் நாங்கள் இருக்கும் அம்மருட்டிலிருந்து மேலே ஏறிப்போனால் காட்டுக்குள் ஸ்டைன்புறுவான் என்று ஓர் ஏரி இருக்கிறது. பஸ் ஓட்டிய காலத்தில் விடுமுறை நாட்களில் மட்டும் அங்கே நடக்கப் போவார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் போகிறார். அதையும் வலமாகத்தான் சுற்றுவார். அவருடைய மனைவி கமலாதேவி என் அக்கா. அவள் இருந்த காலத்தில் கேட்பாள்:

"ஏனப்பா, ஏரிக்கு நடுவிலை பிள்ளையார் இருக்கிறாரோ?"

"இருந்தாலும் இருப்பார். நீர் பேசாமல் வாரும்."

அக்கா போனபின் அத்தான் நாலாம் மாடியில் தனியே இருந்தார். நான் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதால் இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். வீடு துப்புரவாக இருக்கும். யன்னலோரம் கறிவேப்பிலைச் சாடி கூட வாடாமல் நிற்கும். ஆனால் போன மாரியில் இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். ஒருநாள் ரயிலில் நித்திரையாகி, அம்மருட்டில் இறங்காமல் கடைசித் தரிப்பிடம் வரை போய்விட்டார்.

மகள் ஆரணிக்கு இது போதுமாக இருந்தது. அவள் இங்கே பிறந்தவள், மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவளும் கணவன் ஜெனுசனும் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, கீழ்த்தளத்தில் அப்பாவுக்கென்று ஓர் அறைக்கு வர்ணமும் அடித்து வைத்திருந்தார்கள். நல்ல அறைதான். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கார் தெரியும்.

"அப்பா, இது டெமென்ஸ், மறதி வருத்தம், தொடங்குற மாதிரி இருக்கு. தனிய இருக்கேலாது," என்றாள் ஒருநாள், என் முன்னாலேயே.

அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "ஹோஸ்ட்ஃபேரியேக்கு இத்தாலி போறம் எண்டனீங்கள்தானே? நானும் வாறன். அங்கை என்னாலை ஒரு பிசகு நடந்தால், திரும்பி வந்த உடனை உன்ரை அறைக்கு வாறன். நடக்காட்டி நீ இந்தக் கதையை விடவேணும்."

"சரி," என்றாள் ஆரணி. "சித்தியும் வரட்டும்."

ஹோஸ்ட்ஃபேரியே என்ற அந்த இலையுதிர்கால விடுமுறை எனக்கும் இருந்ததால், சரி என்றேன்.

நாங்கள் போய்த் தங்கியது வைன் செய்யும் ஊர். ஒரு பெரிய பள்ளத்தாக்கைச் சுற்றி மேடுகள், மேட்டின் உச்சிகளில் கிராமங்கள், சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். அத்தான் திராட்சையை இன்னும் முந்திரிகை என்றுதான் சொல்வார். "பந்தல் போடாமல் வேலி மாதிரியெல்லோ முந்திரிகையைக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்," என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல்நாள் பின்னேரம் ஜெனுசன் திட்டத்தைச் சொன்னார். "நாளைக்கு ருண்ட்டூர், மாமா. இந்தக் கிராமத்திலை தொடங்கி, இன்னும் ரெண்டு கிராமத்துக்காலை சுத்தி, திரும்ப இஞ்சையே வந்து முடியிறது. கல்லிலை வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அதைப் பாத்து நடந்தால் சரி."

"வட்டம்தானே," என்றார் அத்தான்.

அடுத்தநாள் காலை அத்தான் எல்லோருக்கும் முன்னமே தயாராகிவிட்டார். ஆரணி பாண் வெட்டி மாட்பாக்கே கட்டிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்கு வந்தும் நோர்வேச் சாப்பாட்டுப் பொதிதான். "நான் மெல்ல நடக்கிறன். உங்கடை கால் இளங்கால், என்னைப் பிடிச்சிடுவியள்," என்று சொல்லிவிட்டு அத்தான் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நாங்களும் இறங்கினோம். ஊர் வாசலுக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருந்தது. ஜெனுசன் தொலைபேசியைப் பார்த்து வலக்கைப் பாதையைக் காட்டினார். அந்தப் பக்கம் தொடக்கத்தில் ஏற்றம் குறைவாம்.

தோட்டத்துக்குள் நடப்பது சுகமாக இருந்தது. வரிசைக்கு வரிசை முனையில் ஒரு றோசாச் செடி நின்றது. சில இடத்தில் பழம் வெட்டி முடிந்திருந்தது, சில இடத்தில் கறுத்துத் தொங்கியது. ஆனால் ஒரு வளைவு திரும்பினோம், அத்தானைக் காணவில்லை. இன்னொரு வளைவிலும் காணவில்லை. ஆரணியின் நடை வேகமானது.

"இவ்வளவு கெதியா அப்பா நடக்க மாட்டார்." அவள் அழைப்பெடுத்தாள். ஜெனுசனின் முதுகுப் பைக்குள் மணி அடித்தது.

"இராத்திரி சார்ஜ் போடத் தந்தவர்," என்றார் ஜெனுசன். "குடுக்க மறந்திட்டன்."

"நல்லது. உமக்கும் டெமென்ஸ்."

அடுத்த கிராமத்துக்கு மூச்சு வாங்க ஏறினோம். கிணற்றடியில் இருந்த ஒரு கிழவரிடம் ஆரணி அப்பாவின் படத்தைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். காணவில்லை. கோப்பிக் கடையிலும் காணவில்லை. ஆரணி தேவாலயப் படியில் இருந்துவிட்டாள்.

"எங்கையோ பள்ளத்துக்குள்ளை விழுந்து கிடக்கிறார். நான்தான் தனிய போக விட்டனான். பொலிசுக்குப் போன் அடிப்பம், ஜெனு." தொலைபேசியைத் திரும்பவும் எடுத்தாள். "போன உடனை லோறென்ஸ்கூக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன். இனி ஒரு நாளும் தனிய விடமாட்டன்."

நான் கிராமத்தின் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தேன். அது எங்களுக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பட்டது.

"ஆரணி, நாங்கள் இடமாச் சுத்துறம்," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜெனுசனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாமா மற்றப் பக்கத்தாலை போயிருப்பார்! வட்டம்தானே. நடந்தால் எதிர்ப்படத்தான் வேணும்."

"விழாமல் இருந்தால்," என்றாள் ஆரணி. ஆனால் எழுந்துவிட்டாள்.

மூன்றாவது கிராமம் வரை எங்கும் நிற்காமல் நடந்தோம். பாதை தோட்டத்துக்குள் இறங்கிப் பிறகு செங்குத்தாக ஏறியது. சுவர் வளைவைத் திரும்பியதும், சின்னச் சதுக்கத்தில், ஒரு கடை வாசலில் போட்டிருந்த மேசையில் அத்தான் இருந்தார். சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். முன்னால் ஒரு கிளாஸ் சிவப்பு வைன். எங்களைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

"எங்கை துலைஞ்சனீங்கள்? பின்னாலை ஒருத்தரையும் காணேல்லை. பயந்து போனன்!" உள்ளே திரும்பி, கடைக்காரப் பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டினார். "வந்திட்டினம், வந்திட்டினம்!" அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவளும் கைதட்டினாள். எங்களைத் தேடித் தன் மகனை மோட்டார் சைக்கிளில் அனுப்புவதற்குத்தான் நின்றாளாம் என்று சைகையில் காட்டினாள்.

ஆரணி அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏன் அப்பா இந்தப் பக்கத்தாலை வந்தனீங்கள்?"

"ருண்ட்டூர் எண்டனீங்கள். சுத்துறதெண்டா வலமாத்தானே சுத்துறது? ஆராவது இடமாச் சுத்துவினமோ?"

"வைன் குடிச்சனீங்களோ, மாமா?"

"மரியாதைக்கு ஒரு வாய், தம்பி. புளிக்குது. மிச்சத்தை நீர் குடியும்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அத்தான் இருந்து, மெதுவாகச் சப்பாத்தைப் போட்டார். ஒரு சப்பாத்தின் கயிற்றைக் கட்டினார்.

"பிசகு நடந்ததுதான், பிள்ளை," என்றார், குனிந்தபடியே. "சொன்ன சொல் சொன்னதுதான். வாறன் உன்ரை அறைக்கு."

ஆரணி அவருக்கு முன்னால் குந்தியிருந்து மற்றக் கயிற்றைக் கட்டினாள்.

"வழியிலை என்னென்ன கண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். கூரை விழுந்த ஒரு வீடு, அதற்குப் பக்கத்தில் குரைக்காத நாய், மாதா படம் வைத்த சின்ன மாடம், அதன் முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது, தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஒரு குலை முந்திரிகை தந்தது. பஸ் தரிப்பிடங்களைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். அந்தக் குலையில் எங்களுக்கென்று பாதியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"நீங்கள் துலையேல்லை அப்பா," என்றாள் ஆரணி. "நாங்கள்தான் உங்களைக் கேக்காமல் மற்றப் பக்கத்தாலை போனது. நீங்கள் அம்மருட்டிலேயே இருங்கோ. ஆனால் அடுப்புக்கு ஒரு காவல் பூட்டவேணும். மறந்தாலும் தானே அணையும்."

"பூட்டு பிள்ளை, பூட்டு," என்றார் அத்தான் அவசரமாக. "ரெண்டு வேணுமெண்டாலும் பூட்டு."

மிச்ச வட்டத்தை அவர் வலமாகத்தான் முடிப்பேன் என்றார். ஆரணியும் நானும் வந்த வழியே அவருடன் திரும்பி நடந்தோம். ஜெனுசன் மட்டும், தன் தொலைபேசியில் வட்டம் முழுதாக விழவேண்டும் என்று எதிர்ப்பக்கம் போனார். கிழவர் இன்னும் கிணற்றடியில்தான் இருந்தார். அத்தானைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

அத்தான் இப்போது அம்மருட்டில் தன் வீட்டில்தான் இருக்கிறார். குடும்ப வைத்தியர் சோதித்துவிட்டு, வயதுக்குரிய மறதிதான் என்றார். அடுப்புக்குக் காவல் பூட்டியாகிவிட்டது. லோறென்ஸ்கூக் அறையில் ஜெனுசனின் சைக்கிள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரணி வந்து ஏரியை இடமாகச் சுற்றுகிறாள், அத்தான் வலமாகச் சுற்றுகிறார். நடுவில் ஓரிடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள்.